உண்மையான போலீஸ் முதலில் பெயரைச் சொல்லட்டும்: தமிழ்நாடு காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மாநகரக் காவல் ஆணையர்களுக்கும், மாவட்டக் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

போலி போலீஸ் பற்றி உங்களிடம் பேச வேண்டும். போலிகளைப் பிடியுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அதை நீங்கள் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். போலி எஸ்.ஐ. கைது, போலி சி.பி.ஐ. அதிகாரி கைது, போலி வருமான வரி ரெய்டு கும்பல் கைது என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். நான் கேட்பது வேறு. உங்கள் துறையின் உண்மையான காவலர்கள் மக்களிடம் வரும்போது தாங்கள் யார் என்பதைத் தாங்களாகவே சொல்ல வேண்டும். பெயர், பதவி, எந்தக் காவல் நிலையம், எந்த வேலையாக வந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். இது நடக்காதவரை ஆள்மாறாட்டச் சட்டத்தை எவ்வளவு கடுமையாக்கினாலும் எங்களுக்குப் பாதிப் பயன்தான்.

சட்டம் கடுமையாகியிருக்கிறது என்பது உண்மை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 170-ஆவது பிரிவு இருந்தது. அரசு ஊழியராக வேடமிட்டு ஏதாவது செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு தப்பிக்கவும் அதில் வழி இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, கூடவே அபராதம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். இதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் பக்கத்துப் பிரிவைப் பாருங்கள். மற்றவர்கள் நம்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு அரசு ஊழியரின் சீருடையைப் போன்ற ஒன்றை உடுத்துவது, அடையாளச் சின்னத்தைப் போன்ற ஒன்றை வைத்துக்கொள்வது ஆகியவை 205-ஆவது பிரிவில் வருகின்றன. அதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 200 ரூபாய். அதைக் கூட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதற்கு 319-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. அதே ஏமாற்று வேலையைக் கணினி அல்லது செல்போன் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு வரும். அதில் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நேரில் வந்து ஏமாற்றுகிறவனைவிட, எங்கோ அறைக்குள் உட்கார்ந்து ஒரே நாளில் பல பேரை ஏமாற்றுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை குறைவு. இந்தக் கோணல்களை நாடாளுமன்றம்தான் நிமிர்த்த வேண்டும். உங்கள் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

204-ஆவது பிரிவை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். கல்யாண வீட்டில் உட்கார்ந்து "நான் டி.எஸ்.பி." என்று ஒருவன் பெருமையடித்தால் மட்டும் அந்தப் பிரிவு பாயாது. அந்தப் பதவியின் பெயரால் அவன் ஏதாவது செய்ய வேண்டும், அல்லது செய்ய முயல வேண்டும். நிறுத்துவது, சோதிப்பது, பறிமுதல் என்று எடுத்துக்கொள்வது, விசாரணைக்குக் கூப்பிடுவது, கைது செய்வேன் என்று மிரட்டுவது. ஆக, போலி ஆள் வெறும் தொப்பியையும் நட்சத்திரத்தையும் காப்பியடிப்பதில்லை. போலீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று மக்கள் நம்புகிறார்களோ அந்த நடத்தையைக் காப்பியடிக்கிறான். அந்த நம்பிக்கையை எங்களுக்குள் உண்டாக்கியது யார்? இதை நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஊர் ஊராக நடக்கும் அந்தப் பழைய நகை மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோவிலுக்கோ மார்க்கெட்டுக்கோ தனியாகப் போகும் வயதான பெண்ணை இரண்டு பேர் நிறுத்துவார்கள். "போலீஸ்மா. இப்படி நகையப் போட்டுக்கிட்டுத் தனியா போறீங்களே, இப்பதான் அடுத்த தெருவுல ஒரு அம்மா செயினை அறுத்துட்டுப் போயிட்டானுங்க. கழட்டிக் குடுங்க, பேப்பர்ல மடிச்சுத் தர்றேன், பையில வச்சுக்கங்க." அதே நேரம் வழிப்போக்கன்போல வரும் கூட்டாளி ஒருவன் தன் மோதிரத்தைப் பணிவாகக் கழற்றிக் கொடுப்பான். அதைப் பார்த்ததும் அந்த அம்மாவும் கழற்றிவிடுவார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் கூழாங்கல் இருக்கும். இந்த மோசடியில் சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை, ஜீப் இல்லை. மிடுக்கான குரலும் குட்டையாக வெட்டிய முடியும் போதும். மஃப்டியில் வருகிறவர் கார்டு காட்டமாட்டார், கேட்டாலும் கோபப்படுவார் என்று அந்த அம்மாவுக்கு வாழ்க்கை முழுக்கப் பழகியிருக்கிறது. மோசடியின் முதலீடே அந்தப் பழக்கம்தான்.

இப்போது அதே மோசடி "டிஜிட்டல் அரெஸ்ட்" என்ற பெயரில் செல்போனுக்குள் வந்துவிட்டது. உங்கள் ஆதார் எண்ணில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று அழைப்பு வரும். மும்பை போலீஸ், சி.பி.ஐ. என்று ஆள் மாறி ஆள் பேசுவார்கள். வீடியோ அழைப்பில் சீருடை தெரியும், பின்னால் கொடி தெரியும். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பார்கள். 2024-ல் லூதியானாவைச் சேர்ந்த, எண்பது வயதைத் தாண்டிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றத்தையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதியாக ஒருவன் நடித்தான். அவர் இழந்தது 7 கோடி ரூபாய். படிப்பறிவோ பணமோ அனுபவமோ அவரைக் காப்பாற்றவில்லை. 2025-ல் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, போலி நீதிமன்ற உத்தரவுகளை நம்பி ஒரு கோடிக்கு மேல் பறிகொடுத்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். அந்தக் கடிதத்தின் பேரில் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்த மோசடிகளை நாடு முழுக்க விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இந்த வகைப் புகார்கள் 1,23,672 என்றும், போன பணம் 1,935 கோடி ரூபாய் என்றும் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்த கடைசிக் காலத்தில் ஒரு நாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வைப்புத்தொகை ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். பல வருட வாடிக்கையாளர். எல்லாவற்றையும் முறித்து ஒரே கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஏன் சார் என்று கேட்டால் நிலம் வாங்க என்றார். சட்டைப்பையில் இருந்த செல்போன் அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அவரை மேலாளர் அறைக்கு அழைத்துப்போய், போனை வெளியே வாங்கி வைத்துவிட்டு, அவருடைய மகளுக்குப் பேசி, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்குப் பேசி, ஒருவழியாக அன்றைக்குப் பணம் போகாமல் தடுத்தோம். நடுக்கம் தணிந்து தண்ணீர் குடித்த பிறகு அவர் சொன்னதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்றாங்க, நானும் கேட்டிருக்கேன் மேடம். ஆனா போலீஸ் போன்ல கூப்பிடாதுன்னு யாரும் சொல்லலையே? போன மாசம் என் தம்பி மகனை ஸ்டேஷன்லேர்ந்து போன்லதானே வரச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டதுக்கு, வந்தா தெரியும்னுதானே சொன்னாங்க."

அவர் ஏமாறக்கூடிய ஆள் இல்லை. தான் அறிந்த போலீஸோடு அந்தக் குரலை ஒப்பிட்டுப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போயின. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். நல்லது. ஆனால் எது கிடையாது என்று சொன்னால் மட்டும் போதாது. உண்மையான அழைப்பு எப்படி இருக்கும், உண்மையான கைது எப்படி நடக்கும் என்பதை மக்கள் தங்கள் காவல் நிலையத்தில், தங்கள் தெருவில், கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். அப்போதுதான் போலியைக் கண்டதும் மனசு உறுத்தும்.

உண்மையான நடைமுறை என்னவென்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லப் போவதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. கைது செய்கிறவரும் விசாரிக்கிறவரும் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை இன்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆவது பிரிவிலேயே இருக்கின்றன. தீர்ப்பாக இருந்தது சட்டமாகவே ஆகிவிட்டது.

கைது அவசியமில்லாத வழக்குகளில் அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹரியானா அரசு அதை மாற்றச் சொல்லிக் கேட்டுப்போனபோதும் நீதிமன்றம் மாற்றவில்லை. சாட்சியாக ஒருவரை விசாரிக்க வேண்டுமானால் 179-ஆவது பிரிவு இருக்கிறது. எழுத்து மூலமாகத்தான் வரச் சொல்ல வேண்டும். 15 வயதுக்குக் கீழே உள்ள சிறுவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லி நிர்ப்பந்திக்கக் கூடாது.

இப்போது அந்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். வயது அறுபதைத் தாண்டியவர். இந்த மூன்று பிரிவுகளும் அவருடைய ஊர்க் காவல் நிலையத்தில் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டிருந்தால், "போலீஸ்னா கையில நோட்டீஸ் குடுக்கும், வயசானவங்க வீட்டுக்கு வரும், பெயர் வில்லை போட்டிருக்கும்" என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாக இருந்திருக்கும். அன்றைக்குப் போனில் மிரட்டியவன் முதல் நிமிடத்திலேயே மாட்டியிருப்பான்.

வாய்மொழியாக "ஸ்டேஷனுக்கு வா" என்பது எவ்வளவு சகஜமாகிவிட்டது என்று உங்கள் அதிகாரிகளுக்கே தெரியும். வேலைப்பளு, ஆள் பற்றாக்குறை, நோட்டீஸ் எழுத நேரமில்லை என்று காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் பந்தோபஸ்தில் நின்றுவிட்டு வரும் காவலரின் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறுக்குவழி ஒவ்வொன்றும் ஒரு மோசடிக்காரனுக்கு ஒத்திகை பார்த்துக் கொடுப்பதுபோல் ஆகிறது.

எங்கள் குடியிருப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை இரண்டு பேர் சாதாரண உடையில் வந்து, மாடியில் குடியிருந்த இளைஞனைப் பற்றி விசாரித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வருகிறோம் என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. நான் மரியாதையாகத்தான் கேட்டேன்: "ஐயா, அடையாள அட்டையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்களையே செக் பண்றீங்களா? பணி செய்யவிடாமத் தடுத்தீங்கன்னு கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்து, "விடுங்கம்மா, எதுக்கு வம்பு" என்றார். அவர்கள் நிஜமான போலீஸ்தான் என்று பிறகு தெரிந்தது. அது எனக்கு இன்னும் கவலையைத்தான் தந்தது. அன்று அங்கே நின்ற எல்லோரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்: போலீஸ் என்று சொன்னால் எதுவும் கேட்கக் கூடாது. நாளைக்கே அதே வாசலில் வேறு இரண்டு பேர் வந்து அதே வார்த்தையைச் சொன்னால்?

பெண்கள் விஷயத்தில் இது பணத்தோடு நிற்பதில்லை. கடற்கரையிலோ ஊருக்கு வெளியே உள்ள சாலையிலோ ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு பைக்கில் ஆட்கள் வருவார்கள். போட்டோ எடுப்பார்கள். "வீட்டு நம்பர் குடு, அப்பாகிட்டப் பேசறேன்" என்பார்கள். பையனை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, பெண்ணை மட்டும் விசாரணை என்று தனியே அழைப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பவற்றில் பல, புகாராகவே வருவதில்லை. இந்த மிரட்டல் ஏன் பலிக்கிறது? இரண்டு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பது குற்றமே இல்லை என்றாலும், உண்மையான ரோந்துக் காவலர்களும் இதே கேள்வியை, இதே குரலில் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024-ல் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி ஆட்கள் ஒரு பள்ளிக்குள்ளேயே போய் முகாம் நடத்தினார்கள். அங்கே மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை நாம் எல்லோரும் அறிவோம். அதிகாரம் உள்ளவரைப்போல் வந்து நின்றவரிடம், உங்களை அனுப்பியது யார் என்று கேட்கும் பழக்கம் நம் நிறுவனங்களுக்கே இல்லை. குழந்தைகளுக்கு எங்கிருந்து வரும்?

நாட்டில் வேறெங்கும் இல்லாத குறை என்று நான் தமிழ்நாட்டை மட்டும் சொல்லவில்லை. 1987 மார்ச்சில் மும்பை ஓப்பரா ஹவுஸ் பகுதியில் ஒரு நகைக்கடை ரெய்டு நடந்தது. நடத்தியவன் சி.பி.ஐ. அதிகாரியாக நடித்த ஒருவன். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, இருபத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வேலைக்கு எடுத்திருந்தான். அந்த இளைஞர்களுக்கே தாங்கள் போலி என்று தெரியாது. உண்மையான அரசு வேலை கிடைத்துவிட்டது என்ற பூரிப்பில்தான் அவர்கள் கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர்களும் கதவைத் திறந்து கணக்குக் காட்டினார்கள். அவன் நகைகளோடு வெளியே போனவன், இன்றுவரை அகப்படவில்லை. 2022-ல் பீகாரின் பாங்கா நகரில் ஒரு விடுதிக்குள் போலி காவல் நிலையமே நடந்தது தெரியவந்தது. சீருடை போட்டவர்கள் மாதக்கணக்கில் மக்களிடம் புகார் வாங்கி, பணமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? இந்திய அரசின் இன்னொரு துறை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. வருமான வரித்துறை 2019 அக்டோபர் 1 முதல் தான் அனுப்பும் நோட்டீஸ், சம்மன், உத்தரவு எல்லாவற்றிலும் கணினி தரும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டது. விதிவிலக்கான சில சூழ்நிலைகள் தவிர, எண் இல்லாத கடிதம் அனுப்பப்படாததாகவே கருதப்படும் என்றும் எழுதியது. நோட்டீஸ் வந்தவர் துறையின் இணையதளத்துக்குப் போய், அந்த எண்ணைத் தட்டி, அது உண்மையா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். அதிகாரியிடம் கெஞ்ச வேண்டாம், கோபப்படுத்த வேண்டாம். அமலாக்கத்துறையும் 2025-ல் தன் சம்மன்களில் கியூ.ஆர். குறியீட்டைக் கொண்டுவந்து, பெறுகிறவரே சரிபார்க்க வழி செய்தது. சந்தேகப்படுகிறவனை எதிரியாகப் பார்க்காமல், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் கதவை அவனுக்குத் திறந்துவிட்டார்கள்.

தமிழ்நாடு காவல்துறையும் இதைச் செய்யலாம். 35, 179 பிரிவுகளின் கீழ் தரும் நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கட்டும். காவல்துறையின் இணையதளத்திலும் "காவல் உதவி" செயலியிலும் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிலையம், எந்த அதிகாரி, எந்த வழக்கு என்று தெரியட்டும். வழக்கின் ரகசியம் வெளியே வர வேண்டியதில்லை. இது உண்மையான நோட்டீஸ் என்ற ஒரு வரி போதும். செல்போனில் இதையெல்லாம் பார்க்கத் தெரியாத என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்காக 100-க்கோ 112-க்கோ அழைத்து, "என் வீட்டு வாசலில் இன்னார் நிற்கிறார், உங்கள் ஆள்தானா?" என்று கேட்டால் பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும். பதில் வரும்வரை வாசலில் நிற்கும் காவலர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியிலேயே அதைச் சொல்லித் தர வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சுற்றறிக்கை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது, நோட்டீஸ் கேட்பது, நிலையத்துக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் எதுவும் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஆகாது என்று உங்கள் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வேண்டும். நியாய சன்ஹிதாவின் 132, 221 பிரிவுகளைச் சொல்லி மிரட்டும் பழக்கம் அத்தோடு ஒழிய வேண்டும். மக்கள் வாயை அடைப்பது அந்த ஒரு பயம்தான். கேள்வி கேட்டவரை மிரட்டிய காவலர் மீது துறை நடவடிக்கை என்று ஒரு முறை செய்தி வந்தால், அது போலி போலீஸுக்கு எதிராக நூறு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தியதற்குச் சமம்.

மஃப்டியில் போகும் தனிப்படையினர் எப்படி அட்டை காட்டிக்கொண்டே போக முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறைந்திருந்து கண்காணிக்கும்போது யாரும் அட்டை கேட்கப் போவதில்லை. ஆனால் ஒருவர் மேல் கை வைக்கும் நொடியில், ஒரு வீட்டுக்குள் காலை வைக்கும் நொடியில், மறைந்திருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 36-ஆவது பிரிவு சொல்வதுதான் சட்டம். ரவுடியைப் பிடிக்கும் நேரத்தில் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தால் ஓடிவிடுவானே என்றால், பிடித்த பிறகு காட்டுங்கள்; சுற்றி நிற்கும் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். இரவில் நாலைந்து பேர் வந்து மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, அது கைதா கடத்தலா என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா?

சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் ஒரு நல்ல வேலையைத் தொடங்கியது. தனியார் வண்டிகளில் போலீஸ், பிரஸ், வக்கீல் என்று இஷ்டத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடித்து அபராதம் போட்டார்கள். காவலர்களின் சொந்த வண்டியானாலும் விதி ஒன்றுதான் என்பதைத் தளர்த்தாமல் அது எல்லா மாவட்டத்திலும் தொடர வேண்டும். காவலரின் மச்சானும் மைத்துனன் மகனும் "போலீஸ்" என்று ஒட்டிக்கொண்டு போகிறவரை அந்த எழுத்துக்கு மதிப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

புகார் கொடுக்கும் இடத்திலும் ஒன்று கேட்கிறேன். நகையையோ பணத்தையோ போலி போலீஸிடம் பறிகொடுத்தவர் நிலையத்துக்கு வந்தால், "இவ்ளோ படிச்சும் ஏமாந்துட்டீங்களே" என்று ஆரம்பிக்காதீர்கள். பாதிப் பேர் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் வருவதே இல்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். போடுங்கள். எந்த ஊரில் நடந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சட்டம் இடம் தருகிறது. ஏமாற்று வேலை என்று மட்டும் எழுதாமல் 204-ஐயும் சேருங்கள். இணைய வழியில் நடந்ததற்கு 66டி மட்டும் போட்டால் ஜாமீனில் வந்துவிடுவான், சி.பி.ஐ. என்றோ போலீஸ் என்றோ சொல்லியிருந்தால் 204 அங்கேயும் பொருந்தும். பின்னால் ஒரு கும்பலே இருப்பது தெரிந்தால் அமைப்பு சார்ந்த குற்றத்துக்கான 111-ஆவது பிரிவும் இருக்கிறது. பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 1930-க்குச் சொன்னால் வங்கியில் முடக்க முடிகிறது என்பதை வங்கிக்காரியாக நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் நிலையத்துக்கு ஓடிவருகிறவரை எல்லை பார்த்து அலைக்கழிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. டி.கே. பாசு தீர்ப்பின் விதிகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. அந்தப் பலகையை நிலையத்தின் உள்சுவரிலிருந்து வாசலுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல தமிழில், பெரிய எழுத்தில், தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி இந்த ஐந்து வரிகளை மட்டும் எழுதினால் போதும்: எங்கள் காவலர் தன் பெயரையும் பதவியையும் சொல்வார். அடையாள அட்டையை நீங்கள் கேட்கலாம். விசாரணைக்கு எழுத்தில்தான் அழைப்போம். அறுபது வயதைத் தாண்டியவரையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்லமாட்டோம். போனில் யாரையும் கைது செய்யமாட்டோம், பணமும் கேட்கமாட்டோம். அதே வரிகளை நியாய விலைக் கடையிலும், வங்கியிலும், அஞ்சலகத்திலும், பேருந்து நிலையத்திலும் ஒட்ட எங்களைப் போன்ற ஓய்வூதியர்கள் தயாராக இருக்கிறோம். அச்சடித்துக் கொடுங்கள், நாங்கள் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.